பொங்கல் வளவில் சேரும் குப்பை: கழகச் செயலாளர் தம்பிக்கு ஒரு பதில்

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விளையாட்டுக் கழகச் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊர் அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு 3000 பேர் வரை வருகிறார்கள். அன்னதானம், தண்ணீர்ப்பந்தல், இரவுக் கலைநிகழ்ச்சி மூன்றும் கழகத்தின் பொறுப்பு. போன வருடம் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறத்தில் குப்பைப் பரல் வைத்திருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் மூன்றுக்குள்ளும் ஒரே கலவைக் குப்பை. பொங்கல் முடிந்து இரண்டு கிழமையாகியும் வளவு துப்புரவாகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். "சனத்துக்குப் பழக்கம் இல்லை, என்ன செய்தால் சரிவரும்?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, சனத்தை விடுங்கள். எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றில் தொண்டர் வேலை செய்த முதல் வருடங்களில் நாங்களும் பரல் வாங்குவதற்குத்தான் முதலில் காசு சேர்த்தோம். பிறகுதான் விளங்கியது. பரலுக்குள் என்ன விழும் என்பது, சாமான் பட்டியல் எழுதிய அன்றே முடிவாகிவிடுகிறது. லஞ்ச் சீற் 3000, தண்ணீர்ப் போத்தல் 250 கேஸ், கடதாசிக் கப் 5000 என்று கொப்பியில் எழுதினால், அது அப்படியே அடுத்த நாள் காலையில் வளவில் கிடக்கும். ஆகவே இந்த வருடம் முதல் கூட்டத்தில் பரலைப் பற்றிப் பேசாதீர்கள். சாமான் பட்டியலை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் "இது முடிந்தபிறகு யார் எடுத்துப் போவார்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத சாமானை வாங்காமல் விட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சோறு போடும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றில் தொடங்குகிறேன். அது 2017 செப்ரெம்பர் 1 முதல் இலங்கையில் தடை. அதே நாளில் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, 20 மைக்ரோனோ (மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு) அதற்குக் குறைவாகவோ தடிப்புள்ள பொலித்தீன், கோவில் விழா, அரசியல் கூட்டம் போன்ற நிகழ்வுகளுக்குப் பொலித்தீனால் சோடனை செய்வது, திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பது எல்லாமே தடைக்குள் வந்தன. அந்தத் தடைக்குச் சில மாதம் முன்னர்தான், அதே வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஒக்ரோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கப், கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, ஸ்ரோ, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் சேர்ந்தன. யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு. கடையில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக நீங்கள் வாங்க வேண்டியதில்லை. "உக்கக்கூடியது" என்று அச்சடித்த தாள்களிலும் பல, தொழிற்சாலைச் சூட்டில்தான் உக்கும். வேலியோரத்தில் கிடந்தால் அடுத்த பொங்கலுக்கும் அங்கேயே கிடக்கும்.

அதற்குப் பதில் எங்களிடமே இருக்கிறது. வன்னியில் குளங்களுக்குக் குறைவில்லை, குளத்தில் தாமரை இருக்கிறது. வாழையிலை நல்லதுதான், ஆனால் 3000 இலைக்கு விலை கட்டாது, காற்றடித்தால் கிழியும். தாமரை இலை கிழியாது, வட்டமாக விரிந்து கிடக்கும், ஒரு ஆளுக்கு ஒன்று அளவாக இருக்கும். பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் பறிக்க வேண்டும். காலையில் பறித்தால் உங்களுக்கு நேரம் காணாது, இரண்டு நாள் முந்திப் பறித்தால் விளிம்பு சுருண்டுவிடும். தண்டை இலையோடு ஒட்ட நறுக்கி, இருபது இருபதாக அடுக்கி, நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். இரவில் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். அடுத்த நாள் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் சரி. சூட்டுச் சோறு விழுந்ததும் இலை இளகி ஒரு மணம் வரும். அந்த மணத்துக்காகவே இருந்து சாப்பிடுகிற வயதுபோனவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். குளத்தில் இறங்குவதற்கு முன் கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள். முதலை உள்ள குளமா என்று மீன்பிடிக்கிறவர்களிடமும் கேளுங்கள். நீச்சல் தெரிந்த பொடியன்கள் என்பது மட்டும் போதாது, அந்தக் குளத்தைத் தெரிந்த ஒருவர் கூட நிற்க வேண்டும்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. ஒருவருக்கு இரண்டு அரை லீற்றர் போத்தல் என்றால் 3000 பேருக்கு 6000 போத்தல். வெறும் போத்தல் ஒன்று 10 முதல் 15 கிராம். அத்தனையையும் சேர்த்தால் 60 முதல் 90 கிலோதான் நிற்கும். ஆனால் நசுக்காமல் போட்டால் உழவு இயந்திரப் பெட்டி ஒன்று நிரம்பி வழியும். பழைய போத்தல் எடுப்பவர் ஏன் உங்கள் ஊருக்கு வர மறுக்கிறார் என்பதற்குக் காரணம் இதுதான். அவர் டீசல் செலவழித்துக் காற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

போத்தல் தண்ணீரைத்தான் நம்பலாம் என்று எங்கள் சனம் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வவுனியா தொடங்கி வன்னியின் பல பக்கங்களில் சிறுநீரக நோய்ப் பயம் உண்டு, கிணற்றுத் தண்ணீரில் உப்பும் கல்லுத்தன்மையும் அதிகம். ஆகவே "கிணற்றுத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. கிராமங்களில் இப்போது சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் குடிநீர் விற்கும் இடங்கள் பல இருக்கின்றன. அங்கிருந்து மொத்தமாக எடுங்கள். வைகாசி வெயிலில் ஒரு ஆளுக்கு ஒன்றரை லீற்றர் என்று கணக்கு வைத்தால் குடிக்க மட்டும் 4500 லீற்றர் வேண்டும். பிரதேச சபை பவுசருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தாங்கியை உள்ளே கழுவியதை உங்கள் கண்ணால் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டால் குளோரின் அளவையும் பார்த்துத் தருவார். அவர் பார்த்தார் என்று ஒலிபெருக்கியில் ஒரு வசனம் சொல்லுங்கள். பந்தலில் தண்ணீர் குடிப்பவர் தொகை அதற்குப் பிறகு கூடுவதை நீங்களே காண்பீர்கள்.

எதில் குடிப்பது? தண்ணீர்ப்பந்தலில் செம்பில் மோந்து அண்ணாந்து குடித்த சனம் நாங்கள். வாய் படாமல் குடிக்கவென்றே மூக்குப்பேணி வைத்திருந்தவர்கள். அதையே முழுதாகத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது. வாடகைச் சாமான் கடையில் சில்வர் ரம்ளர் 400 எடுத்தால் போதும், 3000 தேவையில்லை. நான்கு பெரிய பேசின் வையுங்கள். முதலாவதில் அலசல், இரண்டாவதில் சவர்க்காரத் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர், நான்காவதில் கொதிதண்ணீர். ஆறு பேர் முறைவைத்து நின்றால் ரம்ளர் சுற்றிக்கொண்டே இருக்கும். கடதாசிக் கப்பில் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் உட்புறத்தைக் கிழித்துப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்று உரிந்து வரும். அந்தப் படலத்தால் அது உக்கவும் மாட்டாது, பழைய கடதாசிக்காரரும் எடுக்கமாட்டார்.

தன் வீட்டிலிருந்து போத்தலோடு வருபவரையும் கடையில் சோடா வாங்குபவரையும் தடுக்க முடியாது. ஆகவே போத்தல் வரத்தான் செய்யும். அதற்கு மூடிய பரல் வேண்டாம். கரைப் பக்கத்தில் பழைய மீன்வலை கிடைக்கும். மூன்று தடி நட்டு, ஒரு வளையத்தில் வலையைப் பையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே கிடப்பது வெளியில் தெரியும். பத்துப் போத்தல் தெரிகிற வலைக்குள் சோற்றிலையைப் போட யாருக்கும் கை வராது. பரல்தான் கிடைக்கும் என்றால் மூடியில் போத்தல் நுழையும் அளவுக்கு மட்டும் வட்டமாக ஒரு துளை வெட்டுங்கள். துளையின் வடிவமே பெயர்ப்பலகையைவிட அதிகம் சொல்லும். போன வருடம் நிறத்தை மட்டும் நம்பியதுதான் உங்கள் பிழை. பச்சை என்றால் எது, நீலம் என்றால் எது என்று கோவிலுக்கு வந்தவர் ஏன் படிக்க வேண்டும்?

இடமும் முக்கியம். போன வருடம் பரல்களை வளவு வடிவாக இருக்க வேண்டும் என்று வேலியோரமாக வைத்திருப்பீர்கள். சாப்பிட்டவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். பந்தியால் எழும்பி நேராகக் கைகழுவப் போவார். அவர் கையில் இலை இருக்கும் கடைசி இடம் அதுதான். இலைக்கும் மிச்சச் சோற்றுக்கும் பரலை அங்கே, தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் இரண்டு அடியில் வையுங்கள். ஒரு தொண்டர் அக்காவோ ஒரு பெரிய வகுப்புப் பிள்ளையோ பக்கத்தில் நிற்கட்டும். அதட்ட வேண்டாம், "இலை இதுக்குள்ள அம்மா, போத்தல் அந்த வலைக்குள்ள" என்று சொன்னால் போதும். மூன்று வகைக்கு மேல் பிரிக்கப் போகாதீர்கள். உக்குவது, போத்தலும் ரின்னும், மற்றது. அவ்வளவுதான்.

போத்தலை எப்படிக் கட்டுவது என்று தொண்டர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுங்கள். மிச்சத் தண்ணீரை ஊற்றி, காலால் நசுக்கி, நசுங்கிய நிலையிலேயே மூடியை இறுக்கித் திருக வேண்டும். மூடியைக் கழற்றி எறிந்தால் காற்றுப் புகுந்து போத்தல் திரும்ப விரியும், மூடியும் மண்ணுக்குள் போய்விடும். மூடி வேறு வகைப் பிளாஸ்ரிக் ஆயிற்றே என்று கேட்பீர்கள். அரைக்கும் இடத்தில் அதைத் தண்ணீரால் பிரிப்பார்கள். போத்தல் துண்டு தாழும், மூடித் துண்டு மிதக்கும். இப்படி நசுக்கி உரப்பையில் அடைத்தால் பெட்டி நிறைந்த போத்தல் ஒரு சில பைகளுக்குள் வந்துவிடும். சோடா ரின் அலுமினியம் என்றால் தனிப் பையில் வையுங்கள், விலை அதற்குத்தான் நன்றாகக் கிடைக்கும். பழைய இரும்புக்காரரிடம் பொங்கலுக்கு முன்னரே போய், எந்தப் போத்தல் எடுப்பார், எவ்வளவு சேர்ந்தால் வருவார் என்று கேட்டு வையுங்கள். எடுக்க ஆளில்லாததைப் பிரித்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. பிரித்ததெல்லாம் கடைசியில் ஒரே பெட்டியில் ஏறுவதைத் தொண்டர்கள் ஒருமுறை கண்டால் அடுத்த வருடம் மனம் விட்டுவிடுவார்கள்.

சோறு மிஞ்சுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்னதானத்தில் சோறு போதாமல் போனால் ஊருக்கே குறை என்ற பயத்தில் அளவுக்கு மேல் போடுகிறோம். ஒரு கிலோ அரிசி ஏழு, எட்டுப் பேருக்குக் காணும். முழுவதையும் ஒரே தரத்தில் வடிக்காமல், கடைசி இரண்டு கிடாரத்துக்கான அரிசியைக் கழுவாமல் சாக்கிலேயே வைத்திருங்கள், உலைத் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டு இருக்கட்டும். பந்திக்கு எத்தனை பேர் என்று ஒருவர் எண்ணிக்கொண்டு வந்து சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். சனம் குறைந்தால் அந்த அரிசி அடுத்த நாள் யாராவது ஒரு குடும்பத்துக்கு அரிசியாகவே போகும். பரிமாறும்போது முதல் அகப்பை சிறிதாக, பிறகு கேட்டுக் கேட்டுப் போடுவது. பசியோடு எங்கள் சனம் எவ்வளவு காலம் இருந்தது என்பதை நினைத்தால், சோறு நிலத்தில் கிடப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. மிஞ்சிய சோற்றை, அது சமைத்து முடிந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரித்துக் கொடுத்து முடியுங்கள். இந்தச் சூட்டில் அதற்கு மேல் வைத்திருப்பது ஆபத்து.

இலையும் எச்சிலும் பசளையாகும். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி சருகோ வைக்கோலோ சேர்த்து, ஒரு மீற்றருக்குக் குறையாத உயரத்தில் குவித்தால் உள்ளே சூடு பிடிக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் பசளை. ஆனால் கட்டாக்காலி மாடு ஏறாமல் அடைப்பு வேண்டும். யானை வருகிற கிராமமாக இருந்தால் சோறு கலந்த குவியலைக் காட்டோரத்தில் போடவே வேண்டாம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானைகள் அளவில் செத்ததாக 2022 இல் செய்தி வந்தது. மாட்டுக்கும் அதே கதிதான். உப்பும் குழம்பும் பிடித்த பொலித்தீனை மாடு சாப்பாடு என்றே விழுங்கும், அது வயிற்றை விட்டு வெளியே வராது.

இனி எரிப்பது. தம்பி, இதை மட்டும் கட்டாயம் நிற்பாட்டுங்கள். பிளாஸ்ரிக் புகை, அதிலும் பிளெக்ஸ் பதாகை எரியும் புகை, எவ்வளவு நஞ்சு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மண்ணில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்த பிறகு இத்தனை வருடமாகக் கண்ணிவெடி அகற்றியும் வேலை முடியவில்லை. குப்பைக்கு வைத்த நெருப்பில், மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் சூடாகி வெடித்து ஆட்கள் காயப்பட்ட சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. வளவின் மூலையில் புதிதாகக் கிடங்கு வெட்டிப் புதைப்பதும் அதே ஆபத்துத்தான். சந்தேகமான ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். சிரமதானத்துக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கச்சான் விற்பவர்களுக்குப் பழைய பேப்பரில் சுருள் செய்வது புதிதல்ல, அவர்களே பொலித்தீன் பைக்கு மாறியது பிந்தித்தான். ஐஸ்கிறீம் வானுக்குக் கப் வேண்டாம், கோனில் மட்டும் கொடுங்கள் என்று சொல்லலாம். அந்தக் கப்பை எடுக்க ஆளே இல்லை, மழை பெய்தால் நுளம்புக் குடம்பி வளர்க்க மட்டும் உதவும். இளநீர்க் கோம்பையும் அப்படித்தான், இரண்டாகப் பிளந்து கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கடைக்கு இடம் கொடுக்கும்போது சிறிய ஒரு தொகையை வைப்பாக வாங்குங்கள். அடுத்த நாள் காலை கடையைச் சுற்றி மூன்று மீற்றர் துப்புரவாக இருந்தால் முழுக் காசும் திரும்பக் கொடுக்கப்படும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் இடத்தில் இதைச் செய்த முதல் வருடமே, தன் கடை வாசலில் யாரோ போட்ட பையைக் கடைக்காரர் தானே குனிந்து எடுத்ததைக் கண்டேன்.

சோடனைக்கு மாவிலை, குருத்தோலை, வாழை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பிளெக்ஸ் அடித்தே ஆக வேண்டும் என்று கழகம் நின்றால், அதில் வருடத்தையும் திகதியையும் அச்சடிக்காதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, சீலைத்துண்டில் திகதி எழுதிக் குத்திவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதே பதாகை நிற்கும்.

பொங்கல் இரவில் வேலை முடிந்தது என்று படுக்கப் போய்விட்டால் எல்லாம் வீண். வைகாசியில் சோளகம் வீசும் காலம். வற்றாப்பளையில் அம்மன் கோவிலுக்கு அருகே நந்திக்கடல் களப்பு கிடப்பதுபோல உங்கள் கோவிலுக்குப் பக்கத்திலும் குளமோ வாய்க்காலோ இருக்கும். விடிந்து வெயில் ஏறக் காற்று எழும்பும். அது எழும்புவதற்குள் லேசான பொலித்தீன் எல்லாம் பைக்குள் போயிருக்க வேண்டும். பிறகு முள்ளுப் பற்றைக்குள் இருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க யாராலும் முடியாது. ஆகவே ஒரு குழு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரவு முழுவதும் சுற்றட்டும், இன்னொரு குழு நித்திரை கொண்டுவிட்டு விடிய நான்கு மணிக்கு எழும்பட்டும். பிரதேச சபை உழவு இயந்திரத்தைக் காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி இரண்டு கிழமைக்கு முன்னரே கடிதம் கொடுங்கள், பிரதியில் ஒப்பம் வாங்கி வையுங்கள். பை ஏற்றும்போது எந்த வகையில் எத்தனை என்று கழகத்தின் கணக்குக் கொப்பியிலேயே எழுதுங்கள். போத்தல் விற்ற காசும் அதே பக்கத்தில் வரவாக ஏறட்டும்.

ஒரே வருடத்தில் இத்தனையும் வேண்டாம், ஆட்கள் களைத்துவிடுவார்கள். இந்த முறை இலை, தண்ணீர், எரிக்காமல் விடுவது ஆகிய மூன்றையும் பிடியுங்கள். கடைக்காரர் விஷயம் அடுத்த வருடம். தாமரை இலைக்கு மட்டும் நாளைக்கே போய்க் கமக்காரர் அமைப்புச் செயலாளரைக் காணுங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு குளம் நாளுக்கு நாள் இறங்கும், கரையோரத்து இலைதான் முதலில் காயும். எந்தப் பக்கத்தில் நல்ல இலை நிற்கும் என்று அவர்தான் சொல்லுவார்.